சக்கரத்தின் மனநிலை

கொண்டை போடக் கையைத் தூக்கினாள். கை காது வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் வர மாட்டேன் என்று அடம். தோளுக்குள் யாரோ ஈரப் போர்வையை முறுக்கிப் பிழிவது போல ஒரு வலி கிளம்பி, முழங்கை வரை போய், வந்த வழியே திரும்பியது.

சலவை ஆலையில் அவளுக்குக் கிரேன் என்று பெயர். ஆள் நெடுநெடு. ஈரத் துணியை ஒரே வாரலில் தூக்கி வண்டியில் போடுவாள். சின்னவர்கள் கிரேன் அக்கா என்பார்கள், பெரியவர்கள் வெறும் கிரேன். அந்தக் கிரேன்தான் இன்று ஒரு கொண்டை ஊசிக்கு முன்னால் தோற்றுப்போய் நின்றது.

"இப்படித் திரும்பு" என்றார் கணவர். கடைத்தெரு ஒன்றில் இராக்காவல். அவர் வேலை முடிந்து உள்ளே வரும் நேரமும் அவள் கிளம்பும் நேரமும் ஒன்று. சட்டையைக்கூடக் கழற்றாமல் ஊசிகளை வாயில் கவ்விக்கொண்டு அவள் தலைமுடியை அள்ளினார். வாழ்நாள் முழுக்க ஷட்டரை இழுத்துப் பூட்டிய கை. கொண்டையையும் அப்படியே இழுத்துப் பூட்டியது.

"ஆ! முடியா, ஷட்டரா இது? ஒரு வேலையாவது உருப்படியாச் செய்யத் தெரியுமா உங்களுக்கு? போங்க, போய்த் தூங்குங்க. அது ஒண்ணுதான் ஒழுங்கா வரும்."

அவர் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பாதிக் கொண்டையோடு படி இறங்கும்போதே அவளுக்கு உறைத்தது, அந்த மனுஷன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று. திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். பஸ் வந்துவிட்டது.

தப்பு முழுக்க வண்டியினுடையது. துவைக்கும் கூடத்திலிருந்து உலர்த்தும் கூடத்துக்கு ஈரத் துணி கொண்டுபோகிற வண்டி. காய்ந்த விரிப்பைக் குழந்தைகூடத் தூக்கும். நனைந்த விரிப்பு பிணம் கனம் கனக்கும். இந்த வித்தியாசம் தெரியாதவர்களை எல்லாம் மாடியில் உட்கார வைத்திருந்தார்கள். வண்டியின் இடப்பக்க முன்சக்கரம் இறுகிப்போய் வெகு நாளாயிற்று. அதனால் வண்டி எப்போதும் இடப்பக்கச் சுவரைப் பார்த்தே போகும். அதை வலப்பக்கம் இழுத்துப் பிடித்தபடியே தள்ள வேண்டும். அந்த இழுவைதான் தோளைத் தின்றுகொண்டிருந்தது.

அன்று முதல் வேலையாகச் சூப்பர்வைசரிடம் போனாள்.

"சார், சக்கரம் மாத்தணும். தோள் போயிடும் போல இருக்கு."

"சக்கரத்துக்கு என்ன? நல்லாத்தானே இருக்கு."

"ஒரு நிமிஷம் நில்லுங்க, ஓட்டிக் காட்டறேன்."

"ஓட்டு, பாக்கலாம்."

ஓட்டினாள். வண்டி நாலடி நேராகப் போய், வழக்கப்படி இடப்பக்கம் திரும்பி, அங்கே நின்றிருந்த சூப்பர்வைசரின் பாதத்தில் ஏறி, யோசித்து, இறங்கியது. அவர் முகம் வெளுத்துச் சிவந்து மறுபடி வெளுத்தது.

"வலிக்குதா சார்?"

"எதுக்கு வலிக்கணும்?" குரல் மூக்கு வழியாக வந்தது. "நல்லா... நல்லா ஓடுது. வேணும்னா ஸ்டோர்ல கேட்டுப் பாரு."

ஸ்டோர்காரர் கம்பி வலைக்குப் பின்னால் இருந்து உதட்டைப் பிதுக்கினார். "நாலு புதுச் சக்கரம் வந்துச்சுக்கா. ரப்பர் வெச்சது. வெண்ணெய் மாதிரி போகும். மேலேர்ந்து ஆள் வந்து அள்ளிட்டுப் போயிட்டாங்க."

"எதுக்கு?"

"கேக்கல. கேட்டா என்னையும் மேல கூப்பிடுவாங்க. இப்ப எது உடைஞ்சாலும் நேரா இங்க வரக்கூடாதாம். உடைஞ்சது பொருளா மனசான்னு மேல பார்த்துச் சொல்லணுமாம். பொருள்னு சொன்னாத்தான் நான் சாமான் குடுக்கலாம்."

"இதுவரைக்கும் எத்தனை பேருக்குப் பொருள்னு சொல்லியிருக்காங்க?"

ஸ்டோர்காரர் எண்ணுவதற்கு விரல்களை நீட்டினார், ஒன்றுகூட மடங்கவில்லை. பிறகு வேறு பக்கம் பார்த்தார்.

மாடியில் மெக்கானிக் அறை இருந்த இடத்தில் மனக்காப்பு ஆய்வுப் பிரிவு இருந்தது. மெக்கானிக் ஓய்வு பெற்றபோது அவர் இடத்துக்கு வேறு மெக்கானிக் வரவில்லை, இந்தப் பிரிவு வந்தது. ஸ்பேனர், சுத்தியல், இடுக்கி இன்னின்ன இடத்தில் மாட்ட வேண்டும் என்று அவர் சுவரில் வரைந்து வைத்திருந்த வடிவங்கள் இன்னும் அழியவில்லை. சுத்தியல் இருந்த இடத்தில் 'உங்கள் மனதை நேசியுங்கள்' என்று ஒட்டியிருந்தார்கள்.

ஆலோசகி இளம்பெண். நல்ல பெண். நாற்காலியைத் தானே துடைத்து உட்காரச் சொன்னாள். இந்த வேலைக்கு வந்து மனிதர்களுக்கு நல்லது செய்ய வேண்டும் என்று அவள் உண்மையாகவே ஆசைப்பட்டாள். அதுதான் சங்கடம்.

"சொல்லுங்கம்மா. என்ன வலி?"

"தோள் வலி மேடம். வண்டிச் சக்கரம் இறுகிடுச்சு."

"சக்கரம் இறுகிடுச்சுன்னு *நீங்க உணர்றீங்க*."

"உணரல மேடம். இறுகித்தான் இருக்கு."

ஆலோசகி அன்பாகச் சிரித்துக் குறித்துக்கொண்டாள். "பயப்படாதீங்க. மனசுக்குத் தாங்க முடியாதது ஒண்ணு வந்தா, அது தன்னைக் காப்பாத்திக்க ஒரு தந்திரம் பண்ணும். எல்லார் மனசும் பண்ணும். எந்தத் தந்திரம்னு பிரிச்சுப் பார்க்கறதுதான் எங்க வேலை. ஒரு வீட்டுக் கூரை ஒழுகுதுன்னு வெச்சுக்குங்க."

"எங்க வீடு ஒழுகத்தான் செய்யுது."

"ஒழுகவே இல்லைன்னு சாதிச்சா, அது மறுத்தல். போன மழையில ஒழுகினதே ஞாபகம் இல்லைன்னா அமுக்கல். ரெண்டும் ஒண்ணு இல்ல, பாருங்க. முதல் ஆளுக்குத் தண்ணி கண்ணுக்குத் தெரியுது, ஒத்துக்க மாட்டான். ரெண்டாவது ஆளு உள்ளயே புதைச்சுட்டான். நம்ம வீட்டு ஒழுகலை விட்டுட்டு, பக்கத்து வீட்டுக்காரன்தான் ஒழுக விடுறான்னு சொன்னா ஏற்றிச் சொல்லல். கூரை மேல வந்த கோபத்தைப் பூனை மேல காட்டினா இடம் மாற்றல். ஒழுகறதும் நல்லதுதான், வீடு குளுகுளுன்னு இருக்குன்னா சாக்குக் கற்பித்தல். அந்தச் சொட்டுச் சத்தத்துக்குத் தாளம் போட்டுப் பாட்டுக் கட்டினா உன்னதமாக்கல். இதுதான் எல்லாத்துலயும் ஒசத்தி."

கிரேன் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டாள். அந்தப் பெண் அழகாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல, தெரிந்த முகங்களெல்லாம் ஒவ்வொன்றாக வந்து ஒவ்வொரு கூரைக்குக் கீழும் நின்றன. அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் மிஞ்சியது.

"ஏணி போட்டு ஏறி ஓடு மாத்தினா, அதுக்கு என்ன பேரு மேடம்?"

ஆலோசகி பாடப்புத்தகத்தைப் புரட்டினாள். முன்னால் பார்த்தாள். பின்னால் இருந்த சொற்பட்டியலையும் பார்த்தாள். "அது... எங்க பாடத்துல வரலைம்மா" என்றாள். பிறகு, "வலி ஆரம்பிச்சப்புறம் யார் மேலயாவது கோபப்பட்டீங்களா?"

கிரேன் தலை குனிந்தாள். "காலைல வீட்டுக்காரர் மேல விழுந்தேன். பாவம், கொண்டை போட்டுவிட வந்த மனுஷன்."

ஆலோசகியின் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா! இது இடம் மாற்றல். சும்மா திட்டிக்காதீங்க உங்களை. எல்லாரும் பண்றதுதான்."

அது கிரேனுக்குச் சரியாகத்தான் பட்டது. வண்டி மேல் இருந்த எரிச்சலைத்தான் அந்த மனுஷன் மேல் கொட்டினோம். படித்த பிள்ளை, சரியாகப் பிடித்துவிட்டது என்று நினைத்தாள். அந்த ஒரு நிமிஷம் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும் போல இருந்தது.

அப்போது உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு பிரிவின் இயக்குநர் வந்தார். "நானும் கேட்டுட்டுத்தான் இருந்தேன். இடம் மாற்றல்னு சொல்றது சரி. திசைதான் தப்பு. இந்த அம்மாவுக்குப் புருஷன் மேலதான் கோபம். அதைச் சக்கரத்து மேல காட்டறாங்க."

"இல்லீங்க சார், சக்கரத்து மேல உள்ளதுதான் அவர் மேல போச்சு."

"பாத்தியா, மறுக்கறாங்க. இடம் மாற்றலுக்கு மேல மறுத்தல். ரெண்டடுக்கு."

"சார்" என்றாள் ஆலோசகி தயங்கி, "அவங்க சொல்ற திசையிலயும் இருக்கலாம் இல்லையா?"

"என்னை எதிர்த்துப் பேசறதா நினைக்காத. எனக்குக் கோபமே வராது, உனக்கே தெரியும்" என்று இயக்குநர் மேசையை ஓங்கித் தட்டினார். பேனா குதித்துக் கீழே விழுந்தது. "உனக்குத்தான் உள்ளுக்குள்ள கோபம். அதான் நான் கோபமா இருக்கற மாதிரி உனக்குத் தெரியுது."

பேனாவைக் குனிந்து எடுத்துக் கொடுத்தவள் கிரேன். வலது கையை நீட்டியபோது அம்மா என்று முனகினாள். அதையும் குறித்துக்கொண்டார்கள்.

திசையைத் தீர்மானிக்க ஒரே வழி கணவரைக் கேட்பது என்று முடிவாயிற்று. அவர் தூங்குகிற நேரம் என்று அவள் கெஞ்சியும் கேட்கவில்லை. போனைப் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தார்கள். வெகு நேரம் அடித்து, தூக்கம் ஒட்டிய குரல் ஒன்று வந்தது.

"சலவை ஆலையிலேர்ந்து பேசறோம். காலைல உங்க மனைவி உங்களைத் திட்டினாங்களா?"

மறுமுனையில் கட்டில் கிறீச்சிட்டது.

"எம் பொண்டாட்டியா? இல்லீங்களே. அவ ஏன் என்னைத் திட்டறா? சிரிச்ச முகமாத்தான் போனா. ஏங்க, அவளுக்கு ஏதாவது ஆயிடுச்சா? தோள் ரொம்ப வலின்னு சொன்னா. அந்த வண்டியக் கொஞ்சம் பாருங்க சார்."

"குடும்பமே மறுத்தல்" என்றார் இயக்குநர், திருப்தியாக.

கிரேன் மேசைமேல் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அந்த மனுஷன் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது கண்முன் வந்தது. அவள் மானத்தைக் காப்பாற்ற அரைத் தூக்கத்திலும் ஒரு பொய் சொல்லத் தெரிந்திருக்கிறது அவருக்கு. அவளுக்குத்தான் காலையில் ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லை.

அன்று மாலை அவள் வீடு சேர்வதற்குள் அவர் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தார். சோற்றை மூடி வைத்திருந்தார். பக்கத்திலேயே வலித் தைலம். மறுநாள் காலையில் ஏதோ பூட்டு உடைந்த விவகாரம் என்று அவர் வரத் தாமதமாகிவிட்டது. அவளே இடது கையால் முடியை முடிந்துகொண்டு போனாள். சொல்ல வேண்டிய வார்த்தை அப்படியே நின்றது.

அன்று மதியம் எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட்டுத் தொழிலாளிகளை உலர்த்தும் கூடத்துக்கு வரச் சொன்னார்கள். இயந்திரம் நின்றால் அந்தக் கூடத்தில் காதே அடைத்ததுபோல் இருக்கும். அந்த அமைதியில் இயக்குநர் வந்தார். அவருக்கு முன்னால், சத்தமே இல்லாமல், ஒரு பெரிய பலகை வந்தது. மனத்தின் தந்திரங்களைக் கட்டம் கட்டி வண்ணத்தில் எழுதிய பலகை. ஆலோசகி ஒரு விரலால் தள்ள, அது ஈரத் தரையில் வழுக்கிக்கொண்டு வந்து சொன்ன இடத்தில் நின்றது.

எல்லாரும் பலகையைப் பார்த்தார்கள். கிரேன் பலகையின் காலைப் பார்த்தாள். ரப்பர் வைத்த நாலு புதுச் சக்கரம்.

"தொழிலாள நண்பர்களே" என்று இயக்குநர் தொடங்கினார். "இந்தப் பிரிவு வர்றதுக்கு முன்னாடி இந்த ஆலையில எப்பப் பார்த்தாலும் புகார். அது உடைஞ்சிருக்கு, இது ஒழுகுது, அது ஷாக் அடிக்குது. இன்னைக்கு நிலைமை என்ன? புகாரே இல்ல. உடைஞ்ச சாமான் குறைஞ்சிருக்கான்னு கேட்டா, குறையல. கூடியிருக்கு. ஆனா புகார் இல்ல! இதுதான் சாதனை. பொருளைச் சரிபண்றது யார் வேணாலும் பண்ணலாம். மனசைச் சரிபண்ணிட்டா பொருளைச் சரிபண்ற செலவே கிடையாது."

சூப்பர்வைசர் முதலில் கை தட்டினார். ஒரு காலில் நின்று தட்டினார். இன்னொரு கால் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தது.

"நேத்து ஒரு சகோதரி வந்தாங்க. கோபத்தோட வந்தாங்க. ஆனா பாருங்க, அவ்வளவு கோபத்தையும் வெச்சுக்கிட்டு வண்டியத் தள்ளிக்கிட்டேதான் இருக்காங்க! கோபத்தை உழைப்பா மாத்தறது உன்னதமாக்கல். தந்திரங்கள்லயே ஒசத்தி. அதுக்கு இந்தச் சான்றிதழ். வாங்கம்மா. இங்க ஒரு கையெழுத்து மட்டும், புகாரைத் திரும்ப வாங்கிக்கறதா."

கிரேன் முன்னால் போனாள். தாளை இடது கையில் வாங்கிக்கொண்டாள்.

"வலது கை தூக்க முடியல சார்."

"இடது கையால போடுங்க. சின்னப் பிள்ளை எழுத்து மாதிரி இருந்தாலும் பரவாயில்ல. அதுக்கும் ஒரு பேரு இருக்கு."

"போடறேன் சார். சக்கரம் மாட்டின உடனே போடறேன். எங்கேயும் தேட வேணாம். இதோ, இந்தப் பலகைக்குக் கீழயே இருக்கு."

கூடம் மொத்தமும் குனிந்து பார்த்தது. கடைசியாக இயக்குநரும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"எந்தச் சக்கரம்?"

"இந்த நாலு சக்கரம்."

"இது சக்கரம் இல்லம்மா. நகர்வு வசதி." யாரோ பின்வரிசையில் இருமினார்கள். இருமல் பரவியது. இயக்குநரின் காது சிவந்தது. "வண்டியில கோளாறே இல்ல. மனசு நேரா இருந்தா வண்டி நேராப் போகும். நானே காட்டறேன். தள்ளுங்க, தள்ளுங்க, வழி விடுங்க."

ஈரப் போர்வைகள் தலைக்கு மேல் குவிந்த வண்டி அங்கேதான் நின்றது. அவர் கோட்டைக் கழற்றாமலே கைப்பிடியைப் பிடித்தார். கிரேன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் முழு பலத்தோடு தள்ளிவிட்டார். வண்டி நாலடி நேராகப் போயிற்று. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஐந்தாம் அடியில் அது இடப்பக்கம் திரும்பி, மனத்தின் தந்திரங்கள் எழுதிய பலகையில் போய் முட்டியது. பலகை வெண்ணெயாய் வழுக்கிக் கூடத்தின் மறுகோடிக்குப் போய்விட்டது. பிடிக்க ஒன்றும் இல்லாமல் வண்டி ஒருக்களித்தது. போர்வைகள் சரிந்தன. இயக்குநரின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

இழுத்தெடுத்தபோது அவர் முதலில், தான் விழவே இல்லை என்றார். பிறகு தரை சாய்வாக இருப்பதாகவும், எப்படியிருந்தாலும் இந்த வெயிலுக்கு ஈரப் போர்வை இதமாகத்தான் இருந்தது என்றும் சொன்னார். இந்த ஆலையில் எல்லாருக்கும் தன்மேல் வெறுப்பு என்றார். அப்புறம் சூப்பர்வைசரைப் பார்த்து, ஒரு காலில் நிற்கிறாயே, இதென்ன கொக்கா என்று கத்தினார். சூப்பர்வைசர் ஸ்டோர்காரரைப் பார்த்துக் கத்தினார். ஸ்டோர்காரருக்குக் கத்த ஆள் இல்லை, வண்டியை உதைத்தார். உதைத்தபின் காலைப் பிடித்துக்கொண்டார்.

ஆலோசகியின் பேனா பழக்கதோஷத்தில் தானாக எழுதிக்கொண்டே போயிற்று. எல்லாம் ஓய்ந்தபின், எழுதியதை அவள் ஒருமுறை படித்துப் பார்த்தாள். அமுக்கல், உன்னதமாக்கல் இரண்டைத் தவிரக் கட்டமெல்லாம் நிரம்பியிருந்தது. வாழ்க்கையில் இவ்வளவு முழுமையான ஒரு நோயாளியை அவள் பார்த்ததில்லை. தாளை நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். கிரேனிடம் வந்து, "உங்க தோளுக்கு ஒத்தடம் குடுங்கம்மா" என்றாள் மெதுவாக. பிறகு பலகையை ஒரு விரலால் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். சக்கரமும் போயிற்று.

சாயங்காலம் இயக்குநருக்கு அப்படி ஒன்று நடந்ததே நினைவில் இல்லை என்று கேள்வி.

இயந்திரங்கள் மறுபடி ஓடத் தொடங்கின. கிரேன் போர்வைகளை இடது கையால் வண்டியில் வாரிப்போட்டுக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் நொண்டிக்கொண்டு வந்தார். சுற்றும்முற்றும் பார்த்தார்.

"எனக்குக் கால் வலியெல்லாம் இல்ல" என்றார்.

"சரி சார்."

"வண்டிக்கும் ஒண்ணுமில்ல."

"சரி சார்."

"சும்மா, அந்தப் பக்கம் போகவேண்டிய வேலை இருக்கு" என்று சொல்லி, இடப்பக்கக் கைப்பிடியைப் பிடித்து முட்டுக் கொடுத்தார். இரண்டு பேருமாகத் தள்ளினார்கள். வண்டி கிட்டத்தட்ட நேராகப் போயிற்று. ஒரு ஆள் வேலைக்கு இரண்டு ஆள், அதில் இரண்டு பேருக்கும் பாதி உடம்புதான் வேலை செய்தது. ஆனால் அன்றைக்கு அவள் தோள் மேலும் கெடவில்லை.

அவள் வீடு வந்தபோது கணவர் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். அவள் வாசலிலேயே நின்றாள்.

"நேத்து உங்களைத் திட்டினது தப்புங்க. உங்க மேல கோபமே இல்ல. வண்டி மேல இருந்ததை உங்க மேல கொட்டிட்டேன். அதுக்கு இடம் மாற்றல்னு பேராம்."

அவர் கடைசிப் பொத்தானைப் போட்டு முடித்தார். "நீ எப்பத் திட்டின?"

"நடிக்காதீங்க. போன்ல நீங்க சொன்னது நாலு பேருக்குக் கேட்டுச்சு."

"சரி, பேரு வெச்சாங்க. சக்கரம் குடுத்தாங்களா?"

"இல்ல."

"அப்ப அந்தப் பேரையே மாட்டி ஓட்டு" என்றார். அவள் சிரித்தாள். சிரிப்பில் தோள் குலுங்கி வலித்தது, சிரித்துக்கொண்டே அம்மா என்றாள். அவர் மேசைமேல் இருந்த ஊசிகளை எடுத்து வாயில் கவ்விக்கொண்டு, "திரும்பு" என்றார். இந்தத் தடவை மெதுவாகப் பூட்டினார்.

அவள் அவருக்குத் தரவேண்டியிருந்ததைத் தந்துவிட்டாள். ஆலை அவளுக்கு ஒரு சக்கரம் தர வேண்டும், வண்டியின் இடப்பக்க முன்சக்கரம். அது இன்னும் பாக்கி.